கடைசிக் கட்டில்

கட்டிலின் காலில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அது காய்ந்து கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்து. தலைமாட்டு இரும்புச் சட்டத்தில் விபூதிப் பட்டை.

“பேய் வந்தா இதுல முட்டிக்கினு திரும்பிடுமா மேடம்?” என்றாள் ஸ்ரீமதி.

“சிரிக்காதம்மா,” என்றாள் தொழிற்சாலைப் பெண்கள் ஹாஸ்டலின் வார்டன் பங்கஜம். “நீ பார்த்துட்டுப் போயிடுவ. நான் இங்கதான் படுக்கணும்.”

உதயசூரியன் ஜன்னலருகே நின்றிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் தொழிற்சாலைகளில் சேர வருகிறவர்களின் விலாசம் உண்மைதானா என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஸ்ரீமதி அவருடைய உதவியாள். செல்போன் கம்பெனி லைனில் மூன்று வருடம் நின்றுவிட்டு, வாய் சும்மா இருக்க முடியாத காரணத்தால் இங்கே வந்தவள். அவர் பேசாத நேரத்தையெல்லாம் அவளே நிரப்பிவிடுவாள்.

ஜன்னலுக்கு வெளியே வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் நீலக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே விற்காமல் விட்ட ஒரு துண்டு நிலம். அதில் கோரை மண்டிக் கிடந்தது. ஒற்றைக் கொக்கு ஒன்று எதையோ பார்த்தபடி அசையாமல் நின்றது. உதயசூரியன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“முதல்ல இருந்து சொல்லுங்கம்மா.”

“போன மாசம் கீழ் ரூம்ல ஆரம்பிச்சுது சார். கடைசிக் கட்டில்ல படுக்கிற பொண்ணு ஒழுங்கா வேலைக்குப் போயிட்டு வர்றா. அவ வூட்டுக்கு மட்டும் ‘உங்கள் மகள் இன்று பணிக்கு வரவில்லை’ன்னு மெசேஜ் போயிடுச்சு. அவங்க அம்மா அலறியடிச்சுக்கினு ஓடி வந்தாங்க. அப்புறம் எதிர் ரூம்ல. அங்கயும் கடைசிக் கட்டில். இப்ப இந்த ரூமு, சுகப்பிரியா. திங்கட்கிழமைல இருந்து தெனமும்.”

மெசேஜ் அனுப்புவது ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் ஆபீஸ். பெற்றவர்கள் பெண்களைத் தைரியமாக அனுப்புவார்கள் என்று வீட்டுக்கு வீடு தினமும் ஒரு செய்தி போகும். வந்தாள், அல்லது வரவில்லை.

“கட்டிலை மாத்திப் பார்த்தீங்களா?”

“பார்த்தோம். இதோ, ஜன்னலாண்ட கட்டில் காலியா இருந்தது. கலைமதின்னு ஒரு பொண்ணோடது, ஊருல தீமிதின்னு போயிருக்கா. அதுல சுகப்பிரியாவைப் படுக்க வச்சேன். அப்பவும் அவ வூட்டுக்கே போவுது.”

“அப்போ பேய்க்குக் கட்டில் முக்கியம் இல்ல. ஆளைத் தெரிஞ்சுக்கினு வருது. படிச்ச பேய்,” என்றாள் ஸ்ரீமதி.

“இது முன்னாடி ஏரிக் கால்வாயாம். ஒரு பொண்ணு விழுந்து போனாளாம். வாட்ச்மேன் சொல்றான்.”

“வாட்ச்மேன் எந்த ஊரு?”

“பீகாரு.”

“அவருக்கு எப்படித் தெரியும் நம்ம கால்வாய்?”

பங்கஜம் வேப்பங்கொத்தைச் சரிசெய்தாள். உதயசூரியன் திரும்பினார். “கட்டில் மாத்தினதை ஆபீசுல சொன்னீங்களா?”

“படுக்கிற எடம்தானே சார். அதை எதுக்குச் சொல்லணும்?”

அவர் தலையசைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆறு கட்டில்கள். மற்ற பெண்கள் வெளியே வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் தேங்காய் எண்ணெயும் ஈரத் துண்டும் கலந்த வாசனை. எல்லா அறைகளுக்கும் ஒரு காலியிடம் உண்டு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஸ்ரீமதி அன்று முழுவதும் விடமாட்டாள்.

அவர்கள் இறங்கி வந்தபோது கீழே வாசலில் ஒரு மினி வேன் நின்றது. சுகப்பிரியாவின் பெட்டியும் வாளியும் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தன. அவளுடைய அப்பா தாண்டவராயன் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர். சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தார்.

“நான் ஒண்ணும் கேக்க வரல சார். பொண்ணைக் கூட்டிக்கினு போறேன். அவ்வளவுதான்.”

“ப்பா, இன்னும் ரெண்டு மாசம்ப்பா,” என்றாள் சுகப்பிரியா. அழுது ஓய்ந்த குரல். “ட்ரெய்னிங் முடிஞ்சா பர்மனென்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. இப்ப வெளிய வந்தா மறுபடியும் உள்ள விடவே மாட்டாங்க. ஒரு வருஷம் நின்ன காலு இது.”

“வேலைக்குப் போனாதானே நிக்கிற காலு?”

“போனேன்னு எத்தினி வாட்டி சொல்றது!”

“வார்டன் போன் பண்ணதும் நேத்து நானே கேட்டாண்ட போய் நின்னேன்ணே,” என்றாள் ஸ்ரீமதி. “கார்டை வச்சா, பச்சை லைட் எரிஞ்சுது, உள்ள போனா. என் கண்ணால பார்த்தேன்.”

“நீ பார்த்த. அதுக்கு அப்புறம்தாம்மா எனக்கு மெசேஜ் வந்துச்சு. மனுஷன் மாத்திச் சொல்லுவான். மிஷினுக்கு என் பொண்ணு மேல இன்னா கோவம்?”

உதயசூரியன் அவருக்கு எதிரில் போய் நின்றார். “உங்களுக்குப் பொண்ணு மேல சந்தேகமா?”

சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடிந்தது.

“சந்தேகம் இல்ல சார். பயம். அந்த மெசேஜ் வந்ததும் பொண்ணு எங்கயோ கெடக்கிற மாதிரியே இருக்குது. போன் பண்ணி அவ குரலைக் கேட்டேன். ‘நல்லாக்கீறேம்பா’ன்னு சொல்றா. கேட்டப்புறமும் போக மாட்டேங்குது. யாரோ உள்ள வந்து உக்காந்துக்கினு எழுந்திரிக்க மாட்டேங்கிற மாதிரி கீது. ராத்திரி கண்ணை மூட முடியல.”

ஸ்ரீமதி சுகப்பிரியாவின் அருகில் போய் நின்றாள்.

“மத்தியான ஷிஃப்ட் பஸ் வர்ற வரைக்கும் டைம் குடுங்க,” என்றார் உதயசூரியன். “அதுக்குள்ள அந்த மெசேஜ் ஏன் வருதுன்னு காட்டுறேன். காட்டலன்னா கூட்டிட்டுப் போங்க. நீங்களும் கூட வாங்க.”

ஸ்ரீமதியின் ஸ்கூட்டர் முன்னால் போனது. வேன் பின்னால் வந்தது. ஒரகடத்துக்குப் போகிற வழியில், ஒரு தள்ளுவண்டி டிபன் கடையருகே ஸ்ரீமதி வண்டியை நிறுத்தினாள்.

“பசில எனக்கே பேய் புடிக்கும் சார். அஞ்சு நிமிஷம்.”

பெஞ்சில் லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயனும் சுகப்பிரியாவும் வேனைவிட்டு இறங்கவில்லை. உதயசூரியன் இட்லி சொன்னார். ஸ்ரீமதி முட்டை தோசை. டிரைவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைக்காரர் எல்லோரிடமும் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டு கல்லை நோக்கித் திரும்பினார். இட்லி முதலில் வந்தது. பிறகு பூரி. பிறகு கல்தோசை.

“கல்தோசை யாருக்கு? பூரி யாருக்கு?”

முட்டை தோசை கடைசியில் வந்தது. “முட்டை யாருக்கு?”

“இவ்வளவு நேரம் கழிச்சு யாருக்குன்னு வேற கேக்கிறியாண்ணே? உலகத்துலயே மிச்சம் பட்டினியா இருக்கிறது நான்தான்,” என்றாள் ஸ்ரீமதி.

உதயசூரியனின் கை இட்லியின்மேல் நின்றுவிட்டது.

“ஏன் யாருக்குன்னு கேக்கிறீங்க?”

கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். “கேக்கலன்னா, இட்லி சொன்னவரு முன்னாடி முட்டை போய் நிக்கும் சார். அது அது வெந்த நேரத்துக்குத்தானே வரும்? நீங்க உக்காந்த வரிசையிலயா வரும்?”

உதயசூரியன் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, போனை எடுத்துத் தள்ளிப்போய் நின்றார். அவருடைய முதுகைப் பார்த்தே ஸ்ரீமதிக்குத் தெரிந்தது. அவள் தோசையைச் சுருட்டி மொத்தமாக வாயில் வைத்துக்கொண்டாள்.

“பங்கஜம்மா, கீழ் ரூம் பொண்ணு வூட்டுக்குத் தப்பா மெசேஜ் போச்சே, அன்னைக்கு அந்த ரூம்ல வேற யாராவது வேலைக்குப் போகாம இருந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”



“ஒருத்தி காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தா. நான்தான் கஞ்சி குடுத்தேன்.”

“எதிர் ரூம்ல?”

“அங்க ஒரு பொண்ணுக்கு வயித்து வலி.”

“அவங்க வூட்டுல இருந்து யாராவது போன் பண்ணாங்களா? ஏன் வரலன்னு?”

“இல்லையே…” பங்கஜத்தின் குரல் தணிந்தது. “அதான் சார் எனக்கும் இப்பத் தோணுது. ஒருத்தர்கூடக் கேக்கல.”

உதயசூரியன் போனை வைத்தார். ஸ்ரீமதி மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள். “இன்னா சார்?”

“வராதவ வூட்டுக்கு வந்தாள்னு போயிருக்கு. வந்தவ வூட்டுக்கு வரலன்னு போயிருக்கு.”

“அப்போ மெசேஜ் பொய் இல்ல?”

“இல்ல. விலாசம்தான் தப்பு.”

ஸ்ரீமதி சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவர் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

கான்ட்ராக்டர் ஆபீஸ் ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு வங்கிக்கு மேலே இருந்தது. மெசேஜ் அனுப்புகிற ப்ரோக்ராமை எழுதியவன் பிரவீன்குமார். இரண்டு திரைகளுக்கு நடுவே கழுத்தில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கும் ஒரு சர்வர் இருக்கு சார். என் ப்ரோக்ராம் நெட்ல போய், ‘இந்தக் கார்டு இன்னைக்கு உள்ள வந்துச்சா’ன்னு கேட்கும். முன்னாடி ஒண்ணொண்ணா கேட்டுச்சு. ஒரு கம்பெனி சர்வர் தூங்குச்சுன்னா பின்னாடி இருக்கிறது எல்லாம் காத்துக்கினு நிக்கும். மெசேஜ் போறதுக்குள்ள ஷிஃப்டே முடிஞ்சிடும். வூட்டுல இருந்து ஒரே திட்டு. அதான் போன மாசம் த்ரெட் பூல் போட்டேன்.”

“அது இன்னா பூலு? நீச்சல் குளமா?” என்றாள் ஸ்ரீமதி.

“ஆறு ஆளை வேலைக்கு வச்ச மாதிரிக்கா. ஒரு ரூமுக்கு ஆறு பொண்ணு. ஆறு ஆளும் ஒரே நேரத்துல ஆறு கேட்டுக்கு ஓடுவாங்க. யாரும் யாருக்காகவும் நிக்க வேணாம். இப்ப மொத்த ஹாஸ்டலும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“ஓடுறாங்க. சரி,” என்றார் உதயசூரியன். “திரும்பி வரும்போது?”

“வர வர பதிலை வாங்கி வரிசையா வச்சுக்குவேன். அப்புறம் கட்டில் வரிசையில பேர் இருக்கும். ஒண்ணாவது பேருக்கு ஒண்ணாவது பதில், ரெண்டாவது பேருக்கு…”

அவன் நிறுத்தினான்.

“வந்த ஆளை, நீ யாரைக் கேட்கப் போனேன்னு விசாரிப்பியா?”

பிரவீன்குமார் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். திரையில் எதையோ மேலும் கீழும் நகர்த்தினான்.

“டெஸ்ட் பண்ணேன் சார். சரியாத்தான் வந்துச்சு.”

“அன்னைக்கு எல்லாரும் வேலைக்கு வந்திருப்பாங்க,” என்றார் உதயசூரியன். “எல்லாப் பதிலும் ‘வந்தாள்’னா, எது எங்க போனாலும் தெரியாது. ஒருத்தி வராதப்பத்தான் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ‘வரவில்லை’ எப்பவும் ஏன் கடைசிக் கட்டிலுக்கே போவுது?”

பையன் உதட்டைக் கடித்தான். “கம்பெனி பஸ் லேட்டா வரும் சார். வராத பொண்ணுன்னு அவசரப்பட்டு வூட்டுக்குச் சொல்லிடக் கூடாதுன்னு ஒரு வேலை பண்ணினேன். ‘இல்ல’ன்னு பதில் வந்தா, கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு வாட்டி கேட்கச் சொல்லி வச்சிருக்கேன். நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“அதனால ‘இல்ல’ன்னு சொல்ல வேண்டிய ஆள் மட்டும் எப்பவும் கடைசியா வருவான்.”

“கடைசிப் பேர் மேல போய் உக்காரும்,” என்றாள் ஸ்ரீமதி மெதுவாக. “முட்டை தோசை.”

தாண்டவராயன் இவ்வளவு நேரம் சுவரோரம் நின்றிருந்தார். அவருக்கு முழுதும் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“அப்போ நீ தெனமும் போனியா?”

“சொன்னேனேப்பா.”

அவர் அவள் தோளில் கையை வைத்தார். “பஸ்ஸு வந்துருக்கும். போ. பெட்டியை நான் இறக்கி வச்சிடறேன்.”

சுகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேஸ் முடிந்துவிட்டது. ஸ்ரீமதி ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றினாள். ஆனால் உதயசூரியன் நகரவில்லை. அவர் எப்போது இப்படி நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். சாவி சுழல்வது நின்றது.

“கீழ் ரூம்ல ஒருத்திக்குக் காய்ச்சல்,” என்றார் அவர். “எதிர் ரூம்ல ஒருத்திக்கு வயித்து வலி. இவங்க ரூம்ல திங்கட்கிழமைல இருந்து ஒரு ‘வரவில்லை’ தெனமும் வருது. அது யாரோடது?”

சுகப்பிரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பிரவீன், பழைய மாதிரி ஒண்ணொண்ணா கேளு. நேத்தைய ஷிஃப்டுக்கு. இந்த ஒரு ரூம் மட்டும்.”

பையன் ப்ரோக்ராமின் நகல் ஒன்றைத் தனியாகத் திறந்து ஓர் எண்ணை மாற்றினான். ஆறு ஆளுக்குப் பதில் ஒரே ஆள். திரையில் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. முதல் பெயர், வந்தாள். இரண்டாவது, வந்தாள். மூன்றாவதில் நின்றது. அந்த ஒற்றை ஆள் எங்கோ ஒரு கேட்டில் போய்க் கேட்டு, இல்லை என்று கேட்டுக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டான். பேருந்து தாமதமாகியிருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அறையில் எல்லோரும் அவனோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

கலைமதி. வரவில்லை.

மீதிப் பெயர்கள் சடசடவென்று இறங்கின. சுகப்பிரியா, வந்தாள்.

“இது தெரிஞ்சதுதானே சார்,” என்றாள் ஸ்ரீமதி. “அவதான் தீமிதிக்கு ஊருக்குப் போயிட்டாளே.”

“லீவுல போனா இங்க சொல்லிட்டுத்தான் போகணும்,” என்றான் பிரவீன்குமார். “சொல்லியிருந்தா அவ பேரையே ப்ரோக்ராம் கேட்காது. சொல்லல. நாங்களும் பார்க்கல. எங்க கணக்குல தெனம் வந்துக்கினுதானே இருந்தா.”

“அவசரத்துல சொல்லாம போயிருப்பா,” என்றாள் சுகப்பிரியா. “ஞாயித்துக்கிழமை இதே கூட்ரோட்டுல நான்தான் ஷேர் ஆட்டோ ஏத்தி விட்டேன். காஞ்சிபுரம் போய் வந்தவாசி பஸ் புடிக்கிறேன்னா. கை ஆட்டினா.”

“அப்புறம் பேசினியா?”

“போன் ஆஃப்ல இருந்தது. திருவிழா சத்தத்துல எடுக்கலன்னு நெனச்சோம்…”

ஹாஸ்டலில் எல்லோருக்கும் அவள் ஊரில் இருக்கிறாள். ஊரில் உள்ளவர்களுக்கு?

உதயசூரியன் அந்தக் கேள்வியை வெளியே சொல்லவில்லை. பிரவீன்குமார் தானாகவே வீட்டு எண்ணை எடுத்து, ஆபீஸ் போனில் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினான். கலைமதியின் அம்மா பெயர் அம்சவல்லி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு காற்றுச் சத்தம், ஆடு கத்தும் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

“யாரு?”

“அம்மா, ஒரகடத்துல இருந்து பேசுறோம்,” என்றார் உதயசூரியன். “கலைமதி இருக்காங்களா?”

“கலைமதியா? அது அங்கதானே கீது. கம்பெனில. நீங்க யாரு, சூப்பர்வைசரா? நல்ல வேளை சாமி, நீங்களே பண்ணீங்க. தீமிதிக்கு வரேன்னு சொல்லிச்சு, வரல. லீவு குடுக்கலையா நீங்க? பொம்பளைப் புள்ள, ஒரு நாள் அனுப்பக்கூடாதா? சரி, தெனம் வேலைக்கு வந்துட்டாள்னு மெசேஜ் வருது, அதைப் பார்த்துத்தான் நிம்மதியா கீறேன்.”

உதயசூரியன் வாழ்க்கையில் பல வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றது குறைவு. இப்போது நின்றார். “ஹலோ, ஹலோ?” என்றது போன்.

தாண்டவராயன் முன்னால் வந்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிப் போனுக்கு மேல் குனிந்தார்.

“யம்மா, நான் சுகப்பிரியாவோட அப்பா. உன் பொண்ணு ரூம்ல இருக்குதே, அந்தப் பொண்ணு. திங்கட்கிழமைல இருந்து ‘வரவில்லை’ன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. அது உனக்கு வரவேண்டியதும்மா. மாறி எனக்கு வந்துடுச்சு. நான் தூங்கல. நீ தூங்கிட்ட.”

“இன்னா சொல்ற? எனக்குப் புரியல.”

“உன் பொண்ணு ஞாயித்துக்கிழமையே ஊருக்குக் கிளம்பிடுச்சாம். வேலைக்குப் போகல. இங்கயும் இல்ல.”

ஆடு மறுபடி கத்தியது. யாரோ தூரத்தில் மோட்டார் போட்டார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“அப்போ,” என்றாள் அம்சவல்லி. “இத்தினி நாளா வேலைக்கு வந்துக்கினு இருந்தது யாரு?”

கீழே சாலையில் மத்தியான ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. சுகப்பிரியா அசையவில்லை. அவள் அப்பாவும் அவளைப் போகச் சொல்லவில்லை.

எல்லோரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியவில்லை. மறுமுனையில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டபோது, பிரவீன்குமார் மட்டும் திடுக்கிட்டுத் தன் திரையைப் பார்த்தான். கீபோர்டை நோக்கிப் பாய்ந்தான். ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. அசல் ப்ரோக்ராமை நிறுத்த அவன் மறந்துபோயிருந்தான்.

“இரு, இரு,” என்றாள் அம்சவல்லி. அவள் குரலில் மூச்சு திரும்பி வந்திருந்தது. “இதோ வந்துடுச்சு பாரு மெசேஜ். இதே மாதிரிதான் தெனம் வரும். பார்த்தியா, உள்ள போயிட்டா. நீ இன்னாய்யா, ஒரு நிமிஷத்துல என் உசுரையே எடுத்துட்ட.”

அவள் சிரித்தாள்.

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையால் மகளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“வரலம்மா,” என்றார். “அவ வரல. நீ கிளம்பி வா.”